பதில் வரக்கூடாத கேள்வி

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணி. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மே மாதம்.

மத்தியானத்தில் என்ன பேய் என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. இருட்டுக்காவது துணை உண்டு. பூச்சி கத்தும், எங்கோ ஒரு குழந்தை சிணுங்கும். ஆள் இல்லாத பகலுக்கு எதுவும் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வாரம் முழுக்க லேத்தும் பிரஸ்ஸும் இடித்துக்கொண்டே இருக்கும் ரோடு அது. அன்றைக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். டீக்கடைக்குப் பலகை போட்டிருக்கும். தார் இளகிச் செருப்பில் ஒட்டும். சப்... சப்... என்று நம் காலடிச் சத்தமே பின்னால் வேறு யாரோ வருவது போலக் கேட்கும்.

அந்த ரோட்டில் செபாஸ்டியன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனார். கொரட்டூரில் எனக்குப் பக்கத்து வீடு தெரசா. அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். மேனாம்பேட்டில் தனியாக இருந்தார். சைக்கிள் நன்றாகத்தான் இருந்தது. ஏறி மிதித்தால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அவர் தள்ளிக்கொண்டே போனார்... பக்கத்தில் ஒருவர் நடந்து வந்தால் தள்ளிக்கொண்டு போவோமே, அப்படி.

அவர் செய்த வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அந்தக் கம்பெனிப் பேர் வேண்டாம். உள்ளே ஒரு பெரிய கான்கிரீட் அறை. ஒரு ஆள் நீட்டிப் படுத்தாலும் மிச்சம் இருக்கிற அளவு கனம், அதன் சுவர். ஜன்னல் கிடையாது. வாசலிலிருந்து நேரே உள்ளே போக முடியாது. நடைபாதை இப்படித் திரும்பி, அப்படித் திரும்பித்தான் போகும். உள்ளே வீசும் கதிருக்கு வளைந்து போகத் தெரியாதாம், அதற்காக. அறை நடுவில் கிணறு போல ஆழமான தண்ணீர்த் தொட்டி. அதன் அடியில் அந்தக் கதிரை வீசும் கோபால்ட் கம்பிகள். தண்ணீருக்குள் இருக்கும் வரை சாது. நீல வெளிச்சம் மட்டும் விட்டுக்கொண்டு கிடக்கும். வெளியே பேனலில் சாவியைத் திருப்பினால் சங்கிலி இழுத்து மேலே கொண்டுவரும். அப்போது அறைக்குள் உயிர் என்று எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அங்கேயே விழுந்துவிடுவான் என்று நினைக்காதீர்கள். வெளியே வருவான், வீட்டுக்குப் போவான், சாப்பிடக்கூடச் செய்வான்... அதற்கப்புறம்தான் சாவான்.

வார நாட்களில் ஊசி, கையுறை, கட்டுத்துணி எல்லாம் பெட்டி பெட்டியாக உள்ளே போய்க் கிருமி செத்து வரும். கம்பிகளை மேலே எழுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் உள்ளே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். மூலை முடுக்கெல்லாம் பார்த்து, உரக்கக் கூப்பிட்டு, கடைசிச் சுவரில் இருக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். அமுக்கவில்லை என்றால் சாவி திரும்பாது. அந்த வேலை செபாஸ்டியனுடையது.

"உள்ள யாருனா கீறீங்களா?"

இதுதான் அவர் கூப்பிடுவது. பதில் வரக் கூடாது. பதில் வராத வரைக்கும் எல்லாம் நல்லபடி. சம்பளம் வாங்கிக்கொண்டு வெறும் அறையைக் கூப்பிட்டு, பதில் இல்லை என்று நிம்மதியாகத் திரும்பி வருகிற ஒரு பிழைப்பு.

சாயங்காலம் மேனாம்பேட்டு வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதும் அவர் வாய் ஒரு தடவை கூப்பிட்டுவிடும். "ஞானம்..." வேண்டுமென்று இல்லை. வீட்டில் ஒருவர் குறைந்துபோனவர்களுக்குத் தெரியும், புத்தி புரிந்துகொண்ட பிறகும் நாக்கு கொஞ்ச காலம் கேட்காது.

ஞானசௌந்தரி அவர் மனைவி. பம்ப் ஸ்டவ் வெடித்துப் போனாள். அவர் வேலையில் இருந்தபோது நடந்தது. பெரியாஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்கு மேலே வளைகம்பி வைத்து, அதன்மேல் கொசுவலையைப் போட்டு வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையை அவள் வலை ஓரம் வரைக்கும் கொண்டுவந்து வைத்துக்கொள்வாள். இவர் கையை நீட்டினால் நர்ஸ் சத்தம் போடும். தொட்டால் சீழ் வைக்கும், தொடாதே. சரிதான், அவர்கள் சொன்னது நியாயம்தான். வலைக்கு இந்தப் பக்கம் இவர் கை, அந்தப் பக்கம் அவள் கை. அப்படியே கிடந்து, ஒரு விடியற்காலை அந்தக் கை மட்டும் நகராமல் போய்விட்டது. செபாஸ்டியனுக்கு மிச்சம் இருந்த ஆசை ஒன்றுதான். அந்தக் கையை ஒரு தடவை பிடிக்க வேண்டும். இந்த உலகத்தில் நடக்காது என்று தெரிந்த ஆசை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டிகள் கிடையாது. அன்றைக்கு அறை முழுக்க ஜானகிராமன் சாருக்கு. படித்த மனிதர், கண்ணாடி போட்டவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். ஏதோ ஒரு வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்து, தட்டையான தட்டுகளில் ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி, பனிக்கட்டி வைத்த பெட்டிக்குள் அடுக்கித் தருவார். செபாஸ்டியன் அதை உள்ளே கொண்டுபோய் வைப்பார். தண்ணீராகப் போனது, கதிர் பட்டு, இளநுங்கு போல உறைந்து வெளியே வரும்.

அதில் ஒரு விசேஷம். குளிர்ச்சியில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். உடம்புச் சூடு பட்டால் வெந்த முட்டை போல வெளுத்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கக்கிச் சுருங்கும். திரும்பக் குளிர்ந்த நீரில் போட்டால் குடித்து, விரிந்து, பழையபடி தெளிந்துவிடும்.

நாலு மணி டீ நேரத்தில் கேட் வாட்ச்மேன் வேம்புலிக்கு இதுதான் விளையாட்டு. ஒரு கீற்றை உள்ளங்கையில் வைத்துக்கொள்வான். அது அட்டைப்பூச்சி மாதிரிச் சுருளும்.

"சார், சார்... இது உசுரோட கீது சார்! கையப் புட்ச்சுக்குது பாரு! எங்கூட்டுக்காரிகூட இப்பிடிப் புட்ச்சது இல்ல."

"வேம்புலி, வாயில கீயில போட்டுடாதய்யா."

"நா இன்னா கொழந்தயா? அண்ணாத்தே, நீ வெச்சிப் பாக்கல?"

செபாஸ்டியன் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "இன்னாத்துக்கு சார் இது?" என்று கேட்டார்.

ஜானகிராமனுக்கு அவர் வீட்டு விஷயம் தெரியாது. உற்சாகமாகச் சொன்னார். "தீக்காயத்துக்குப்பா. ஒட்டாது, உரியாது, சில்லுனு இருக்கும். இதைப் போட்டிருந்தா நோயாளியோட கையை மேலால பிடிச்சுக்கக்கூட செய்யலாம். வலிக்காது."

செபாஸ்டியன் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். வேம்புலி ஜாடை காட்டினான். அதற்கப்புறம்தான் சாருக்குத் தெரிந்தது.

முதல் தடவை நடந்தது ஏப்ரலில், குருத்தோலை ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு.

தட்டுகளை வைத்தார். நடந்து பார்த்தார். கடைசிச் சுவர் பக்கம் நின்று வழக்கம் போலக் கூப்பிட்டார். "உள்ள யாருனா கீறீங்களா?"

"கீறேன்."

மெல்லிய குரல். பெண் குரல். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இல்லை, இந்தப் பக்கம்.

செபாஸ்டியன் பொத்தானை அமுக்கவில்லை. அதுதான் சட்டம். ஓடி வந்து சாரைக் கூப்பிட்டார். "சார், உள்ள ஒரு பொம்பள கீறாங்க!" இரண்டு பேரும் டார்ச் வைத்துக்கொண்டு தேடினார்கள். தட்டுப் பெட்டி, சங்கிலி, தொட்டி. தண்ணீரில் நீல வெளிச்சம் அசையாமல் கிடந்தது. எங்கோ பம்பு உறுமியது. ஆள் இல்லை.

"கேட்டத் தாண்டி ஒரு ஈ போவல அண்ணாத்தே," என்றான் வேம்புலி. "வெயிலு. நீ மோரு குடி."

அவரும் வெயில்தான் என்று நினைத்துக்கொண்டு போனார். வீட்டுக்குப் போகிற வழியில், ரயில்வே கேட் போட்டு நிற்கும்போதுதான் திடீரென்று பிடிபட்டது. அடுப்படியில் ஞானம் இருக்கும்போது, முன்னறையிலிருந்து கூப்பிட்டால் அவள் 'இன்னா' என்று கேட்கமாட்டாள். 'வர்றேன்' என்றும் சொல்லமாட்டாள். இருக்கிறேன் என்று மட்டும் சொல்வாள். இதே மாதிரி. இதே சுருதியில். ரயில் போய், கேட் திறந்து, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டும் வரைக்கும் அவர் நகரவில்லை.

அடுத்த ஞாயிறு யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே போனார். கேட்டார்.

"கீறேன்."

இன்னும் கிட்டத்தில். கூடவே ஒரு வாடை. அந்த அறைக்கு என்று ஒரு வாடை உண்டு, மின்னல் அடித்து ஓய்ந்த மாதிரி மூக்கைச் சுடும். அது இல்லை. தீப்புண்ணுக்குத் தடவும் மஞ்சள் களிம்பு. வார்டு வாடை. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பயம் வரவில்லை. பயப்பட நேரம் இல்லை என்றுதான் தெரசாவிடம் பிறகு சொன்னார்.

"ஞானம், சாப்டியா?"

பதில் இல்லை.

"வலிக்குதா?"

அதற்கும் இல்லை.

"எம்மேல கோவமா?"

பம்பு மட்டும் உறுமியது. பிறகு அந்தச் சட்டக் கேள்வியைத் திரும்பவும் கேட்டார்... உடனே வந்தது. "கீறேன்." அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில். வேறு எதற்கும் இல்லை. மற்ற நாட்களில் அதுவும் இல்லை. ஜானகிராமன் சாருடைய தட்டுகள் உள்ளே இருக்கும் ஞாயிறுகளில் மட்டும்.

கேட்டுவிட்டு, பொத்தானை அமுக்கிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்துவார். சார் சாவியைத் திருப்புவார். மணி அடிக்கும். சங்கிலி ஏறும். இருக்கிறேன் என்று சொன்னவளை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு வந்து டீ குடிக்க வேண்டும். அந்த டீயை அவரால் விழுங்க முடியவில்லை.

ஞாயிறு காலை கோயில் பூசை முடிந்து தெரசா வீட்டில் சாப்பிடுகிற பழக்கம் நின்றது. அவள் ஒரு நாள் கேரியரோடு மேனாம்பேட்டுக்கே போய்விட்டாள். "அண்ணே, இன்னா இப்பிடி எளச்சுட்ட? இந்த ஊட்ல ஒண்டியா குந்திக்கினு இன்னா பண்ற? வா, எங்கூட வந்து இரு."

"ஒண்டி இல்லம்மா," என்றார். அன்றைக்கு அதற்கு மேல் கேட்டால் சொல்லவில்லை; மே பிறந்த பிறகுதான் ஒரு நாள் வந்து, குரல் கேட்பதை எல்லாம் அவளிடம் சொன்னார்.

இப்போது அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வார நாட்களில் ஒரு ஒழுங்கு உண்டு. பேனல் சாவி, உள்ளே தேடப் போகிறவன் இடுப்பில் இருக்க வேண்டும். அவன் உள்ளே இருக்கும் வரை எவனாலும் எதையும் மேலே எழுப்ப முடியாது. கேட்டில் வேம்புலியை விட்டால் ஞாயிற்றுக்கிழமை இருப்பதே இரண்டு பேர், ஒருவரை ஒருவர் நம்புகிறவர்கள். அதனால் சாவி பேனலிலேயே கிடக்கும். செபாஸ்டியன் கதவைச் சாத்திவிட்டு "ஓகே சார்" என்று குரல் கொடுப்பார், சார் திருப்பிவிடுவார். பேனல் அறையிலிருந்து கதவு தெரியாது. சார் வர ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான்.

அன்றைக்குத் தட்டுகளை அடுக்கினார். கேட்டார். "கீறேன்" வந்தது. பொத்தானை அமுக்கினார். வாசல் வரை நடந்து வந்தார். "ஓகே சார்" என்றார்.

கதவைச் சாத்தினார். உள்ளே நின்றுகொண்டு.

சாக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. இதை நம்புங்கள், தெரசா நம்பினாள். ஞானம் தனியாக உள்ளே இருக்கும்போது என்ன ஆகிறது என்று ஒரு தடவை கூட இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவேளை கம்பி மேலே வந்தால்தான் அவள் கண்ணுக்குத் தெரிவாளோ என்னவோ. திரும்பி நடந்தார். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. தட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வலது கையை முன்னால் நீட்டித் தரையில் வைத்துக்கொண்டார், உள்ளங்கை மேலே பார்க்க.

மணி அடிக்க ஆரம்பித்தது.

அந்த மணியை அவர் அதுவரைக்கும் வெளியே இருந்துதான் கேட்டிருக்கிறார். உள்ளே அது பல்லில் அடிக்கிற மணி. சங்கிலி ஒரு கண்ணி இறுகியது... கடக். தொட்டித் தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது. களிம்பு வாடை எழுந்து மூச்சை அடைத்தது. யாரோ அவரைத் தாண்டி வேகமாக நடந்து போனார்கள். புடவை விசிறிய காற்று கன்னத்தில் பட்டது. சில்லென்று.

மணி நின்றுவிட்டது.

நடைபாதையிலும் அறையிலும் சுவர் நெடுக இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு ஓடும். உள்ளே மாட்டிக்கொண்டவன் இழுத்தால் எல்லாம் நிற்க வேண்டும் என்று கட்டியது. பேனலில் அதற்கான சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு ஜானகிராமன் சார் எழுந்து ஓடி வந்தார். கயிறு அறை மூலையில், இவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிர்ச் சுவரில், இழுத்த இழுப்பில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா செபாஸ்டியன்! என்ன காரியம் பண்ண இருந்த! நான் கொலைகாரனாயிருப்பேனே!" சார் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "நல்லவேளை, கயிறையாவது இழுத்தியே..."

"நா இழுக்கல சார்."

சார் அவரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்; தான் நினைத்ததையும் உள்ளே நடந்ததையும் செபாஸ்டியன் அவரிடம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பெட்டியையும் இழுத்து வந்தார், கரைசல் வீணாகக் கூடாதே என்று. பழக்கம். வேம்புலி சத்தம் கேட்டு வந்து நின்றான். நிழலில் வைத்து மூடியைத் திறந்தார்கள். கம்பி மேலே வரவே இல்லை. தட்டுகள் எல்லாம் வைத்தது போலவே தண்ணீராகத் தளும்பின.

ஒன்றைத் தவிர. அதுவும் தண்ணீர்தான். ஆனால் தண்ணீருக்குள் ஏதோ கிடந்தது.

ஒட்டிய தாள் ஒட்டியபடி இருந்தது. சார் பிளேடால் கீறி, விரல்களை உள்ளே விட்டு எடுத்தார்.

கை. மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை. நுங்கு போலத் தெளிவாக, அந்தப் பக்கம் தெரிய, நகம் முதற்கொண்டு உறைந்து நின்றது. ஒரு கீறல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை.

"கதிரே படலையே," என்றார் சார். யாரிடமோ கேட்பது போல. "எப்படி உறைஞ்சுது?"

செபாஸ்டியன் உள்ளங்கையை நீட்டினார். சார் ஏன் அதை அவர் கையில் வைத்தார் என்று அவருக்கே தெரியாது. வைத்துவிட்டார்.

மெதுவாக... ஓரத்திலிருந்து அது வெளுக்க ஆரம்பித்தது. பால் பரவுவது போல. தண்ணீர் சொட்டியது. விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. சுண்டுவிரல் முதலில். மடிந்து, செபாஸ்டியனுடைய விரல்களுக்கு நடுவே நுழைந்து, இறுக்கிக்கொண்டன.

"சூடு," என்றார் ஜானகிராமன். "உடம்புச் சூட்டுக்குச் சுருங்குது. அவ்வளவுதான். சூடுதான்." திரும்பத் திரும்பச் சொன்னார். பெட்டியிலிருந்து பனித்தண்ணீரை மொண்டு ஊற்றினார். "இப்ப விட்டுடும் பாரு. குளிர்ந்தா விரிஞ்சுடும்."

குளிர்ந்தது. தெளிந்தது. விடவில்லை.

வேம்புலி பிளேடைக் கையில் எடுத்தான். "அண்ணாத்தே, ஆட்டாத வெச்சிக்க, நா அறுத்து வுட்டுர்றேன்..."

செபாஸ்டியன் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ இளகியது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது.

"வாணாம்ப்பா. ஊட்டுக்குப் போறோம்."

போறோம் என்றார். சைக்கிளைக்கூட எடுக்கவில்லை. அந்த வெயிலில், செருப்பு தாரில் ஒட்ட ஒட்ட, கேட்டைப் பார்த்து நடந்தார். கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, தன்னைவிடக் குள்ளமானவர்களோடு நடப்பது போலத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு. மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. மேனாம்பேட்டு வீட்டில் சாமான் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. எங்கே போனார் என்று தெரசா தேடாத இடம் இல்லை.

கடைசியாகப் பார்த்தவன் வேம்புலி. முன்னால் ஓடிப்போய், தோள் துண்டை வைத்து இரும்புக் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். செபாஸ்டியன் தாண்டிப் போனார். அவன் கேட்டைச் சாத்தவில்லை. இன்னும் ஒருவர் வந்து தாண்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டே நின்றான். ஏன் நின்றான் என்று தெரசா எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். தெரியவில்லை என்கிறான்.

சாத்தும்போது துண்டு நழுவி, கேட்டுக் கம்பி வெறும் கையில் பட்டபோதுதான் கையை உதறினானாம். காலையிலிருந்து வெயில் குடித்த இரும்பு, துணி வைக்காமல் அவன் தொடவே மாட்டான்.

பனிக்கட்டி மாதிரி இருந்ததாம்.